மனப்பாடம் செய்த இரண்டாம் தாள்

ஜூன் 9, ஞாயிறு
மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி நிழல்

மாண்புமிகு ஸ்கேல் அவர்களின் திவ்விய சமூகத்துக்கு,

பெரும் மகிழ்ச்சியோடும் சிறு பல்வலியோடும் ஓர் அறிவிப்பு. நம் குடியிருப்பின் மூன்றாம் மாடி, கதவு எண் பன்னிரண்டில் வசிக்கும் கப்ஸா என்கிற நான், நடந்து முடிந்த ஆண்டுத் தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டேன். கணக்கிலும்தான். செய்தி கேட்டு லிஃப்ட் நின்றுவிட்டது. (அது முந்தின நாளே நின்றது. மரியாதைக்காக நின்றதாக வைத்துக்கொள்.) அம்மா மட்டும் மார்க் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எங்காவது சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

இதில் மாட்டிக்கொண்டவர் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையே மேலே தூக்கிவிடுகிறவர், பெற்ற பிள்ளையைத் தூக்கிவிட முடியவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தவர், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாக்குக் கொடுத்தார், நினைவிருக்கிறதா? நீயும் பக்கத்தில்தான் நின்றாய். ஒரு பாடத்திலும் ஃபெயிலாகாமல் வந்தால், ரிமோட்டில் ஓடும் நிஜ எஞ்சின் பொம்மைக் கார், அந்த நைட்ரோ வண்டியை வாங்கித் தருகிறேன் என்றார். நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது. இப்போது மார்க் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

ஆக, கடைக்குப் போய் வந்தோம். கடைக்கார அண்ணன் ரொம்ப நல்லவர். முதல் வண்டி என்றால் பாட்டரி வண்டியே போதும் தம்பி, சுவிட்சைப் போட்டால் ஓடும், தலைவலி இல்லை என்றார். தலைவலிதான் வேண்டும் என்றேன். நிஜ எஞ்சின் வேண்டும், அது கத்த வேண்டும், எண்ணெய் கக்க வேண்டும், புகை விட வேண்டும். மூடிக்கிடக்கும் பஸ் டிப்போவில் அன்றைக்கு யாரோ ஒருவர் ஓட்டியதை நாம் இரண்டு பேரும் சுவரேறிப் பார்த்தோமே, அந்த நீலப் புகையும் அந்தத் தித்திப்பு நாற்றமும், அது வேண்டும்.

கடையில் மூன்று நைட்ரோ வண்டி இருக்கிறது. ஒன்று சிவப்பு. பெரியது, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது, எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் கயிறு எங்கே என்று தேடினேன், காணோம். இரண்டாவது நீலம். வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்று வந்ததாம். மூன்றாவது மூலையில் தூசி படிந்து, வண்டல் நிறத்தில், தவளையை மிதித்த மாதிரி இருக்கிறது. சுவர் முழுக்க அதன் பாகங்கள்தான் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகின்றன. பாவம், உடைந்து உடைந்தே பிழைக்கிற வண்டி போலிருக்கிறது. எனக்குச் சிவப்பின் மேல் கண். ஆனால் இதெல்லாம் படித்த மேதை நீதான். சொல், எதை வாங்க?

மூன்று மாதமாக எழுதவில்லை என்று கோபமா? பேனா தொலைந்துவிட்டது.

மற்றபடி எல்லோரும் நலம். உன் தங்கச்சி கொசு இன்னும் அரை அடி வளர்ந்து, இன்னும் அரை மடங்கு அதிகமாகக் காதருகே ரீங்காரம் செய்கிறாள். கீழ்த்தளத்தில் உன் அப்பாவின் கிளினிக் கதவுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். எதையும் ஒட்ட முடியாத மாதிரி வழவழப்பு. நான் தொட்டுப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிகிறது.

இப்படிக்கு,
தேர்ச்சி பெற்ற கப்ஸா

இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் ஹாஸ்டல் வார்டன் ஐயாவுக்கு: வணக்கம். எழுத்துப் பிழைகளை மன்னிக்கவும்.


ஜூன் 18, செவ்வாய், மாலை 5.10
ஹாஸ்டல், அறை எண் 14

கப்ஸாவுக்கு,

உன் கடிதம் 13ஆம் தேதி வந்தது. வார்டன் 15ஆம் தேதி கொடுத்தார். பேனா கிடைத்ததில் மகிழ்ச்சி.

வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அதற்கு மட்டும் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வண்டியை வேகம் பார்த்து வாங்கக் கூடாது. உடைந்தால் மறுநாளே சரிசெய்ய முடியுமா என்று பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு வண்டிக்குக் கயிறு கிடையாது. அடியில் வைத்து எஞ்சினைச் சுழற்றுவதற்குத் தனிப் பெட்டி வேண்டும். அது பந்தயக்காரர்கள் வண்டி. நீல வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கை உடைந்தால் கடையில் வேறு இருக்கிறதா என்று அண்ணனிடம் கேள். வரவழைத்துத் தருகிறேன் என்று சொன்னால் அது அலமாரியில் வைத்துப் பார்க்கிற வண்டி. தவளை என்று நீ கேலி செய்தாயே, அதை வாங்கு. சுவரில் பாகங்கள் தொங்குவது அந்த வண்டியின் குறை இல்லை. அதை நிறையப் பேர் ஓட்டுகிறார்கள், ரிப்பேர் செய்து மறுபடி ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

முழுதும் பூட்டிய வண்டியாக வாங்கு. பாகம் பாகமாக வந்து நாமே பூட்டுகிற பெட்டி வேண்டாம். முழுதாக இருப்பதையே பிரித்துப் போடுகிறவன் நீ.

புது எஞ்சினைப் பழக்க வேண்டும். முதல் நாலைந்து டாங்க் எரிபொருள் முடியும்வரை முழு வேகம் கூடாது. ஒவ்வொரு டாங்குக்கும் நடுவில் எஞ்சின் முழுதும் ஆற வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் அதன் ஆயுள் ஒரு வாரம். பெட்ரோல் ஊற்றிவிடாதே. இதற்கென்று தனி எரிபொருள் இருக்கிறது.

கடைக்கார அண்ணன் சொல்வது சரிதான், பாட்டரி வண்டிதான் சுலபம். ஆனால் டிப்போவில் நாம் பார்த்தது அதை இல்லை.

லீவு ஆகஸ்ட் 10ஆம் தேதி தொடங்குகிறது. நான் வரவில்லை. விடுதியிலேயே தங்குகிறவர்கள் பட்டியலில் பெயர் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து நிமிடம் வீட்டுக்குப் பேசலாம். அம்மா பேசுகிறாள். அப்பா போனை வாங்குவதில்லை. “ஒட்டினது யாருன்னு சொல்றியா, அப்போ என்கிட்ட பேசு” என்று என்னை இங்கே கொண்டுவந்து விட்ட அன்றைக்குச் சொன்னார்.

அந்த நோட்டீஸை நம் இரண்டு பேருக்குள் சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். “ஒரு பல் பிடுங்கினால் பக்கத்துப் பல் இலவசம்” என்பது என் நோட்டுப் புத்தகத்தில் சிரிப்பாக இருந்தது. கிளினிக் கதவில் ஒட்டியபோது சிரிப்பாக இல்லை. அந்த நோட்டீஸின் படம் எத்தனை பேர் போனில் சுற்றியது என்று உனக்குத் தெரியும். மருத்துவர் சங்கம் அப்பாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. ஸ்கேல் வைத்து எழுதிய எழுத்து யாருடையது என்று அவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஒட்டியது யார் என்று சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. வார்டன் இதைப் படித்தால் படிக்கட்டும்.

வாங்க வேண்டிய சாமான்களையும் ஸ்டார்ட் செய்யும் முறையையும் இரண்டாம் தாளில் வரிசையாக எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் வண்டியைத் தொடாதே.

ஸ்கேல்


ஜூன் 30, ஞாயிறு
பஸ் டிப்போ, நான்காம் நடைமேடை

வேக விஞ்ஞானி ஸ்கேலுக்கு வெற்றி வீரன் கப்ஸா எழுதிக்கொள்வது,

வாங்கியாயிற்று. தவளையைத்தான் வாங்கினேன். முன்சக்கரத்துக் கை இருக்கிறதா என்று நீல வண்டியைக் காட்டி நான் கேட்டதும், வரவழைத்துத் தருகிறேன் தம்பி என்று அண்ணன் அப்படியே நீ எழுதியதை ஒப்பித்தார். உன் கடிதத்தைத் திருடிப் படித்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யும் சாமான்கள் எல்லாம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். கேட்கலாமா அப்படி ஓர் ஆளைப் பார்த்து? உன் இரண்டாம் தாளை மனப்பாடம் செய்துவிட்டேன் ஸ்கேல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகையால் யாரும் எழுப்ப வேண்டாம்.

முதல் ஓட்டத்தைச் சொல்கிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொள். சாயங்காலம் நாலரை மணி. டிப்போவின் சிமெண்டுத் தரை. கயிற்றை ஓர் இழுப்பு. ஒன்றே ஒன்று. ட்ர்ர்ர்ர்ர்ர் என்று பிடித்தது பார், நாலாவது மாடிவரை ஜன்னல்கள் திறந்தன. தபால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார். முடிவெட்டும் கடையிலிருந்து ஒருவர் பாதித் தலையோடு, கழுத்தில் துணியோடு ஓடிவந்தார். வண்டி புகைவிட்டது, வேடிக்கை பார்த்த பயல்களுக்கு வயிறு புகைந்தது. உனக்கும் புகையும், தெரியும். ஒரு டாங்க் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். கொசு கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துவிட்டாள். இப்போதெல்லாம் நான் தெருவில் போனால் அண்ணா அண்ணா என்று பின்னாலேயே ஒரு பட்டாளம். தனியாக இருக்க நேரமே கிடைப்பதில்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆமாம், நானேதான். நேரே கிளினிக்குக்குள் போனேன். “டாக்டர் மாமா, ஒட்டினது நான்தான்” என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பல் டாக்டர் இல்லையா, முப்பத்திரண்டும் பளிச்சென்று தெரிந்தது. போடா போக்கிரி என்று முதுகில் ஒரு தட்டு. அவ்வளவுதான், சமாச்சாரம் முடிந்தது.

ஆகவே பட்டியலில் உன் பெயரை அடி. மூட்டையைக் கட்டு. ஆகஸ்ட் பத்தாம் தேதி பஸ் நிலையத்தில் வண்டியோடு நிற்பேன்.

கப்ஸா


ஜூலை 9, செவ்வாய்
அறை எண் 14

டேய் கப்ஸா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது நின்றுகொண்டிருந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

பட்டியலில் பெயரை அடித்துவிட்டேன். பத்தாம் தேதி காலை பஸ். வார்டன் கூடக் கேட்டார், வீட்டில் யாருக்காவது கல்யாணமா என்று.

இந்த அறையில் நாலு கட்டில். மற்ற மூன்று பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவர்களுக்குள் ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் நல்ல பயல்கள், விளக்கிச் சொல்வார்கள். விளக்கி முடித்த பிறகு அதில் சிரிப்பு இருக்காது. அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்த பெஞ்சில் உட்காருகிறேன். என் கண்ணுக்கு நேரே இருபத்திரண்டு ஓடு. அதில் ஏழாவது கோணலாகப் பதித்திருக்கிறார்கள். தினமும் மூன்று வேளை அதைப் பார்க்கிறேன். இதையெல்லாம் உனக்கு எழுதக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன்.

அப்பா சிரித்தார் என்று எழுதியிருந்தாய். அவர் நிஜமாகவே சிரித்தால் இடது கண் மட்டும் மூடிக்கொள்ளும். மூடியதா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

வருகிற ஞாயிறு 14ஆம் தேதி அம்மாவிடம் சொல்லி அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லப் போகிறேன். நாலு மாதம் ஆகிறது அவர் குரலைக் கேட்டு. என்ன பேசுவது என்று மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு அது போதுமா என்று தெரியவில்லை.

ஒரு டாங்க் எரிபொருள் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் வரும். நீ ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்திருக்கமாட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் ஓட்டம் நான் இல்லாமல் முடிந்துவிட்டதே என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பரவாயில்லை. வந்த பிறகு நான் வண்டியைப் பிடித்துக்கொள்கிறேன், நீ கயிற்றை இழு.

ஸ்கேல்


ஜூலை 12, வெள்ளி, அவசரம்
தபால் ஆபீஸ் படிக்கட்டு

ஸ்கேலு,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. படித்த கையோடு, செருப்புக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதே. உன் அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. அல்லது நம் குடியிருப்பில் போன் எதுவும் வேலை செய்யவில்லை. இரண்டில் எது உனக்கு நம்பும்படியாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்.

ஹாஸ்டல் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். மாணவர்களுக்கு வரும் போனை எடுத்துச் சொல்வதில்லை என்று வைத்துவிட்டார்கள். உன் மாமா, சித்தப்பா, தாத்தா என்று மூன்று குரலில் பேசிப் பார்த்தேன். தாத்தா குரலுக்குச் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு வாரம் பொறு. அதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, முடித்துவிடுகிறேன். என்ன வேலை என்று கேட்காதே.

இடது கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் அவருக்கு வலது பக்கம் நின்றேன்.

இது நாளைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று தபால் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி அனுப்புகிறேன்.

கப்ஸா


ஜூலை 16, செவ்வாய்

உன் கடிதம் இன்று வந்தது. ஞாயிறு போய்விட்டது.

அப்பா போனுக்கு வந்தார். நான் எழுதி வைத்திருந்த மூன்று வரியையும் விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, “கப்ஸா எல்லாத்தையும் சொல்லிட்டானாமே, அப்பா” என்றேன்.

“எதை?” என்றார்.

“ஒட்டினது அவன்தான்னு.”

  “நாலு மாசம் வாயைத் திறக்கல. ஹாஸ்டல் கசந்ததும் இன்னொருத்தனை மாட்டிவிடறியா” என்றார். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. அம்மா சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

நான் உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் இங்கே வந்தேன். அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதையும் உன் ஒரு பாரா வாங்கிக்கொண்டுவிட்டது.

நேற்று வார்டன் கூப்பிட்டார். மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, இது என்ன வெடிமருந்துப் பட்டியலா என்றார். நான் ஜூன் மாதம் உனக்கு எழுதிய இரண்டாம் தாள். நைட்ரோ, எரிபொருள் ஒரு லிட்டர், பற்றவைக்கும் முறை என்றெல்லாம் இருந்ததால் அப்போதே உறையிலிருந்து எடுத்து வைத்துவிட்டாராம். வேதியியல் ஆசிரியரிடம் காட்டிக் கேட்பதற்காக. அவர் விடுப்பு முடிந்து நேற்றுத்தான் வந்தார். பொம்மைக் கார் என்று அவர் சொன்னதும் திருப்பிக் கொடுத்துவிட்டார், வருத்தமும் தெரிவித்தார்.

நீ மனப்பாடம் செய்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் தடவையாகப் படித்துப் பார். மூன்றாவது வரியில் ஒரு பொருள் இருக்கிறது. எஞ்சினின் பிளக்கைச் சூடாக்குவதற்கான குளோ ஸ்டார்ட்டர். அது இல்லாமல் அந்த எஞ்சின் ஒரு நொடிகூட ஓடாது. உன்னிடம் அது இல்லை. அப்படி ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது.

பட்டியலில் என் பெயரை மறுபடி எழுதிவிட்டேன். பதில் வேண்டாம்.


ஜூலை 28, ஞாயிறு
பஸ் டிப்போ

அன்புள்ள ஸ்கேலுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இது பதில் இல்லை. நீ கேட்காத கேள்விகளுக்கு எல்லாம் நானாக எழுதுவது.

முதலில் உன் அப்பா. கிளினிக் வாசல்வரை இந்த நாலு மாதத்தில் ஒன்பது தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வழவழப்பான அந்தக் கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது. திரும்பிவிட்டேன். உள்ளே போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கடைசியில் வியாழக்கிழமை பல் வலிக்கிறது என்று டோக்கன் வாங்கினேன். இந்தக் கதையிலேயே நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். எங்கள் பரம்பரையில் எனக்கு வந்த ஒரே சொத்து சொத்தைப் பல்.

நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தார். டாக்டர் மாமா, நான் உங்ககிட்ட என்று ஆரம்பித்தேன். வாயைத் திற என்றார். திறந்தேன். உதட்டில் ஊசி, ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் பஞ்சு, ஓரத்தில் எச்சில் உறிஞ்சுகிற குழாய். என் வாயை அடைக்க எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள் ஸ்கேல். உன் அப்பா ஒருவரால்தான் முடிந்தது. முக்கால் மணி நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அத்தனை நேரம் பேசாமல் நான் இருந்ததே இல்லை. நீ நாலு மாதம் இருந்திருக்கிறாய்.

வாய் கொப்பளித்ததும் சொன்னேன். உதடு மரத்துப் போயிருந்ததால் அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவைதான் விளங்கியது. ஒரு தடவை சொல்லத் தைரியம் இல்லாதவனை மூன்று தடவை சொல்ல வைத்துவிட்டது அந்த ஊசி. ஒட்டியது நான், என் கையால், என் பசையால், ஒட்டும்வரை ஸ்கேலுக்கு அது தெரியவே தெரியாது என்றேன். நான் சொல்லிவிட்டதாக அவனுக்குப் பொய் எழுதினேன், அவன் அதை நம்பித்தான் உங்களிடம் பேசினான், மாட்டிவிடவில்லை என்றேன். சங்கத்துக்கு நானே கையெழுத்துப் போட்டு எழுதித் தருகிறேன் என்றேன். பிழையில்லாமல் எழுது என்றார்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். உன் ஜூலை 9 கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தின் அடியில் வந்ததும் தாளைத் திருப்பவே இல்லை. அங்கேதான் இடது கண்ணைப் பற்றி நீ கேட்ட வரி இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. இந்தத் தடவை நேர் எதிரே நின்றுதான் பார்த்தேன். எந்தக் கண்ணும் மூடவில்லை.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் கை கழுவினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

“லீவுக்கு அவன் வர்றானா?”

தெரியாது, பட்டியலில் பெயர் எழுதிவிட்டானாம் என்றேன்.

“நீ எழுதிக் கேளு. நான் கேட்டா வரமாட்டான்.”

குழாயை மூட மறந்துவிட்டார். நான்தான் மூடினேன். உன் கடிதத்தை அவர் திருப்பித் தரவில்லை, மேல் பையில் வைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

அடுத்தது வண்டி. உன் முதல் தாள் மட்டும்தான் உறையில் இருந்தது. இரண்டாம் தாள் வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீ மறுபடி எழுதி அனுப்பியிருப்பாய். எழுதவில்லை. வண்டிக்கு மட்டும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன் என்று நீ எழுதியிருந்தாயா, எனக்கு எதுவும் தெரியாது என்று தெரிந்தால் அதுவும் நின்றுபோகும் என்று நினைத்துக்கொண்டேன். கடைக்கார அண்ணன் ஸ்டார்ட் செய்யும் சாமான்கள் இருக்கிறதா என்று கேட்டார் அல்லவா? எல்லாம் இருக்கு அண்ணே, இது எனக்கு மூணாவது வண்டி என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வண்டிக்காரனுக்கு அவர் என்னத்தைச் சொல்லித் தருவார்? எரிபொருள் பாட்டிலை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் டிப்போவுக்கு வந்து கயிற்றை இழுத்தேன். கொட்டகையில் ஒரு பஸ்கூடக் கிடையாது. இழுக்கிற சத்தம் எதிரொலித்து எனக்கே திரும்பி வரும். வலது கையில் இரண்டு கொப்புளம் வந்து உடைந்து காய்த்தும் போயிற்று. என் பின்னால் வந்த பட்டாளம் என்பது கொசுவும், யாருடையதோ ஒரு நாயும். நாய் இரண்டாம் நாளே வரவில்லை. கொசு நாலு நாள் உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டு, “அண்ணா, இது பால் கறக்குமா?” என்று கேட்டாள். பிறகு அவளுக்கும் டியூஷன் வந்துவிட்டது. முடிவெட்டும் கடையிலிருந்து யாரும் பாதித் தலையோடு வரவில்லை. தபால்காரர் ஒரு நாள் சைக்கிளை நிறுத்தினார். உனக்குக் கடிதம் இல்லை தம்பி என்று சொல்வதற்கு.

நேற்று உன் இரண்டாம் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மூன்றாம் வரியைக் காட்டினேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாள் எதை வைத்து ஸ்டார்ட் செய்தீர்கள் என்று மரியாதையாக வேறு கேட்டார். பேனா அளவில் ஒரு சாமான், நுனியில் ஒரு குழி. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டாயிற்று. இப்போது என் மடியில் இருக்கிறது. வண்டி எதிரே இருக்கிறது. டாங்க் நிரம்பியிருக்கிறது. பிளக்கில் செருகி ஒரு இழுப்பு இழுத்தால் பிடித்துக்கொள்ளும் என்றார் அண்ணன்.

இழுக்கவில்லை. உன் தாளின் பதினோராம் வரியில் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் கயிறு இழுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தனி ஆளாகவும் செய்யலாமாம், காலால் எப்படி அமுக்கிக்கொள்வது என்று அண்ணன் செய்து காட்டினார். நான் கவனிக்கவில்லை. வேண்டுமென்றேதான் கவனிக்கவில்லை. முதல் ஓட்டம் முடிந்துவிட்டதே என்று வருத்தப்பட்டாய் அல்லவா, அது இன்னும் நடக்கவே இல்லை ஸ்கேல். அப்படியே இருக்கிறது. ஆகஸ்ட் பத்தாம் தேதி காலையிலிருந்து பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ வராவிட்டாலும் நின்றுவிட்டுத்தான் திரும்புவேன். உன் அப்பா எத்தனை மணி பஸ் என்று கேட்டிருக்கிறார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரா, வருவதற்குக் கேட்டாரா என்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். இத்தனை நாளில் வண்டி ஓடிய மொத்த தூரம் பன்னிரண்டடி. நான் மண்டி போட்டுக் கையால் தள்ளியது. நாலாவது மாடிவரை ஜன்னல்களைத் திறக்க வைத்தது என்று ஒரு ட்ர்ர்ர் சத்தம் எழுதினேனே, அது என் வாயிலிருந்து வந்தது. ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. இப்போது உன் அப்பா அடைத்த பல்லில் நாக்கு தட்டுவதால் அந்தச் சத்தமும் சரியாக வருவதில்லை.

கப்ஸா